கல் கரைந்த பிறகும்

கையில் ஏலக்காய் வாசம் இருந்தால் அக்கா பீர் பாட்டிலைத் தொடமாட்டாள். போடியில் ஏலக்காய் வாசம் இல்லாத கை எது? எங்கள் வீட்டில் காய் மூட்டை அடுக்கியிருக்கும் அறையை ஒட்டித்தான் சமையல்கட்டு. குழம்பிலும் அந்த வாசம், துவைத்து மடித்த சேலையிலும் அந்த வாசம், பிள்ளைகளின் தலைமுடியில்கூட. அதனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லாரும் சாப்பிட்டு முடித்ததும் அக்கா கிணற்றடிக்குப் போய் ஈர மண்ணை அள்ளி முழங்கை வரை தேய்த்துக் கழுவுவாள். சோப்புப் போடமாட்டாள். "ஒரு வாசத்தை வெரட்ட இன்னொரு வாசத்தைக் கூட்டியாரதா?" என்பாள். கழுவிய கையை முகர்ந்து பார்த்துவிட்டு என் மூக்குக்கு நேராக நீட்டுவாள்.

"மோந்து பாருடி. இருக்கா?"

"லேசா இருக்குக்கா."

இன்னொரு தரம் மண் எடுப்பாள்.

அக்கா என்றாலும் கூடப் பிறந்தவள் இல்லை. என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் அங்கே ஏழெட்டு வருஷம் பழகியிருந்தாள். மாமனார் காலமாகிவிட்டார். வீட்டில் எல்லாம் அத்தை சொன்னபடிதான். அத்தை என்றால் எங்கள் இருவருக்கும் மாமியார். சிலமலைப் பக்கம் கொஞ்சம் வயல் இருந்தது, அதை என் வீட்டுக்காரர் பார்த்தார். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் சின்னதாக ஓர் ஏலத்தோட்டம் இருந்தது. அக்காவின் வீட்டுக்காரர், நான் பெரிய மச்சான் என்பேன், வாரா வாரம் ஜீப்பில் மலை ஏறி அதைப் பார்த்து வருவார்.

பீர் எங்கள் வீட்டுக்குள் மருந்தாகத்தான் வந்தது. அக்காவுக்குக் கல்லடைப்பு. இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டாள். வலி பொறுக்காமல் கதவு நிலையைக் கடித்ததை நான் பார்த்தேன். டாக்டர் ஊசி போட்டார். வாழைத்தண்டுச் சாறும் பார்லித் தண்ணீரும் குடிக்கச் சொன்னார். மருந்து கட்டிக் கொடுத்தவர் பெரிய மச்சானைத் தனியாகக் கூப்பிட்டு, "வாரம் ஒரு பீர் குடுத்துப் பாருங்கண்ணே, கல்லைத் தள்ளிவிட்ரும்" என்றாராம். அன்று ஊரே அப்படித்தான் நம்பியது. நம் பக்கம் அப்போது மதுவிலக்கு. மெட்டைத் தாண்டினால் கடை. பெரிய மச்சான் ஸ்வெட்டருக்குள் சுருட்டி ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து அத்தையிடம் கொடுத்தார்.

அத்தை அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "மருந்துங்கிறாக. இதைப் பச்சையாவா குடிப்பாக?" என்று கேட்டுவிட்டு, மண்சட்டியில் ஊற்றி, சுக்கும் சீரகமும் தட்டிப் போட்டு, ஒரு துண்டு கருப்பட்டியும் சேர்த்து அடுப்பில் ஏற்றிவிட்டார். அது பாலைவிட வெரசாகப் பொங்கி வழிந்து அடுப்பையே அணைத்துவிட்டது. சட்டியில் மிஞ்சியதை வடிகட்டி, அக்காவின் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றினார்.

"எப்பிடி இருக்கு?"

"நாய் குடிக்காது, அத்தே."

"அப்ப நல்ல மருந்துதான்."

இப்படிச் சில வாரம் போயிற்று. ஒரு நாள் கல் விழுந்துவிட்டது. வாழைத்தண்டா, பார்லியா, ஊசியா, எது தள்ளியதோ யார் கண்டது? அத்தைக்குத் தன் கஷாயம்தான். தெருவில் யாருக்கு இடுப்பு வலித்தாலும் பக்குவம் சொல்லி அனுப்புவார்.

அந்த வருஷம் காய் எடுப்புக்கு நானும் அக்காவும் தோட்டத்துக்குப் போயிருந்தோம். மிச்சம் மீதிக் கல்தூள் இருந்தால் அதுவும் போகட்டும் என்று பெரிய மச்சான் இன்னொரு பாட்டில் வாங்கி, வெயில் படாமல் இருக்கட்டும் என்று ஓடையில் கல்லிடுக்கில் செருகி வைத்திருந்தார். அங்கே சட்டி இல்லை, சுக்கு இல்லை. அக்கா வழக்கம்போல மூக்கைப் பிடித்துக்கொண்டு பாட்டிலை அப்படியே வாயில் வைத்தாள். ஒரு வாய் உள்ளே போனதும் மூக்கை விட்டுவிட்டாள். உதட்டைத் துடைக்காமல் கொஞ்ச நேரம் ஓடையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, இதுவா அது?"

"அதேதான்."

"இதையா உங்கம்மா அடுப்புல வச்சாக?"

பெரிய மச்சான் சிரித்த சிரிப்பில் காய் எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் மலையாளம் கலந்து பேசுகிறவர்கள். குளிர்ச்சியைத் 'தணுப்பு' என்பார்கள். அக்காவும் பீருக்கு மட்டும் அந்தச் சொல்லை எடுத்து வைத்துக்கொண்டாள். தண்ணீர் குளிரும், காற்று குளிரும். பீர் மட்டும் அவளுக்குத் தணுப்பாக இருக்க வேண்டும்.

பாட்டிலில் எழுதியிருந்தது இங்கிலீஷ். எங்கள் இருவருக்குமே தமிழ் எழுத்துக் கூட்டத்தான் வரும். அதனால் படத்தை வைத்துத்தான் பெயர். மான் படம் போட்டது ஒன்று, கப்பல் படம் போட்டது ஒன்று. மான் இளசு, வாயில் நில்லாமல் ஓடிவிடும். சித்திரை வெயிலில் உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்ட மாங்காய்க் கீற்றோடு குடிக்க வேண்டும். கப்பல் கனம். தோட்டத்தில் சாரல் அடிக்கும்போது அவித்த மொச்சையையோ தணலில் சுட்ட கருவாட்டையோ வைத்துக்கொண்டு மெதுவாகக் குடிக்க வேண்டும். "மான் தாகத்துக்குடி. கப்பல் யோசனைக்கு" என்பாள். எண்ணெயில் பொரித்தது எதையும் பக்கத்தில் சேர்க்கமாட்டாள். எண்ணெய் உதட்டில் பட்டு அது கிளாசுக்குள் இறங்கினால் நுரை செத்துப்போகும் என்று கண்டுபிடித்து வைத்திருந்தாள். ஒரு தடவை பெரிய மச்சான் ஆசையாகக் கருப்பு நிறத்தில் ஒரு பீர் வாங்கி வந்தார். ஒரு வாய் குடித்துவிட்டு, "இது நம்ம அத்தை வச்ச கஷாயம்ல" என்று பாட்டிலை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

பாத்திரத்துக்கும் அப்படித்தான் அலைந்தாள். பித்தளைச் செம்பில் களிம்பு வாடை. எவர்சில்வர் டம்ளரில் நிறம் தெரியாது. கடைசியில் டீக்கடையில் கொடுப்பார்களே, வரி வரியாக இருக்கும் கண்ணாடி கிளாஸ், அதில் மனசு நின்றது. அதை மற்றப் பாத்திரங்களோடு போட்டுத் துலக்க யாருக்கும் உரிமை கிடையாது. போடியில் ஓடை ஏது? காலையிலேயே பாட்டிலை ஈரச் சாக்கில் சுற்றி, தண்ணீர்ப் பானைக்கு அடியில் கொட்டியிருக்கும் மணலில் புதைத்துவிடுவாள். பெரிய மச்சான் ஒரு நாள் மரத்தூளில் பொதிந்து ஐஸ் கட்டி வாங்கி வந்து கிளாசில் போட்டார். "பீரையும் கெடுத்துட்டீக, தண்ணியையும் கெடுத்துட்டீக" என்று எழுந்து போய்விட்டாள்.

கிளாஸைச் சாய்த்து ஓரமாக ஊற்றிக்கொண்டே வந்து, பாதிக்கு மேல் நிமிர்த்துவாள். இரண்டு விரல்கடை நுரை நிற்கும். அது லேசாக அமுங்குகிற நேரம் பார்த்து உதட்டில் வைப்பாள். முதல் கிளாசுக்குப் பேச்சு கிடையாது. பிள்ளை விழுந்து அழுதாலும் நான்தான் ஓட வேண்டும். இரண்டாவது கிளாஸ் அரட்டைக்கு. அடியில் கடைசியாக ஒரு மடக்கு சூடேறிக் கிடக்கும், அதைச் செம்பருத்திச் செடிக்கு ஊற்றிவிடுவாள். "சூடானதுக்கப்பறம் அது வேற ஆளு. நமக்குப் பழக்கமில்ல." ஒரு பாட்டில், அவ்வளவுதான். இரண்டாவது பாட்டிலை அவள் கேட்டு நான் பார்த்ததில்லை.

என்னையும் ஒரு தடவை குடிக்க வைத்தாள். நுரை மட்டும்தான் வாய்க்குள் போயிற்று. முந்தானையில் துப்பிவிட்டேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சரி விடு. இது உனக்கு இல்ல. உனக்கு என்னடி பிடிக்கும்?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதுவரை என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. எல்லாரும் சாப்பிட்ட பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து மிச்சத்தைச் சாப்பிடுகிறவளுக்குப் பிடித்தது பிடிக்காதது ஏது? நன்றாக யோசித்துவிட்டு, மறுநாள் துணி துவைக்கும்போது "கடலை மிட்டாய்க்கா" என்றேன். அந்த வாரமே பஜாரிலிருந்து வாங்கி வரச் செய்தாள். "நின்னுக்கிட்டுத் திங்காத. உக்காந்து தின்னு. அதுக்கும் ஒரு மொறை இருக்கும், நீயே கண்டுபிடி" என்றாள்.

கல் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமை பாட்டில் நிற்கவில்லை. அத்தைக்கு எல்லாம் தெரியும். பின்கட்டுத் தாழ்வாரத்தில் அத்தை உட்கார்ந்து வெற்றிலை மடிப்பார், பக்கத்தில் அக்கா கிளாசோடு உட்கார்ந்திருப்பாள். யாராவது வந்து எட்டிப் பார்த்தால் அத்தையே, "மருந்து குடிக்கிறா" என்று சொல்லிவிடுவார். அந்த ஒரு சொல் வீட்டுக்குக் கூரை மாதிரி இருந்தது. அக்காவை அத்தைக்கு அவ்வளவு பிடிக்கும். சோறு அக்கா ஆக்கி அக்கா கையால் போட்டால்தான் இறங்கும். தட்டை நீட்டும்போதே எவ்வளவு பசி என்று அக்காவுக்குத் தெரியும். போதும் என்று அத்தை சொல்லவே வேண்டியிருக்காது.

கூரையைப் பிரித்தது அக்காதான். சிலமலையிலிருந்து அத்தையின் தங்கை வந்திருந்தார். கூட நாலு சொந்தக்காரப் பெண்கள். பந்தி மாதிரி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சின்னத்தைக்கு வாய் நீளம்.

"ஏக்கா, ஒம் மூத்த மருமகளுக்கு இன்னுமா கல்லு கரையல? கல்லைத் தின்னாளா, இல்ல மலையைத் தின்னாளா?"

வந்தவர்கள் சோற்றை மென்றுகொண்டே சிரித்தார்கள். அத்தையின் முகம் சுண்டிவிட்டது. "லேசாத் தூள் இருக்குன்னு சொல்லியிருக்காக. அதுக்குத்தான்" என்றவர், அக்காவைப் பார்த்து, "இல்லத்தா?" என்று கேட்டார்.

அக்கா ரசக் கரண்டியோடு நின்றாள். குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை.

"இல்ல, அத்தே. கல்லு அப்பவே போயிருச்சு. எனக்குப் பிடிச்சிருக்கு, குடிக்கிறேன். சின்னத்தே, ரசம் ஊத்தவா?"

சின்னத்தை ரசம் வேண்டாம் என்று கையால் தட்டை மூடிக்கொண்டார்.

அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டு வந்ததும் அத்தை நடுவீட்டில் நின்றுகொண்டார். "ஒரு வார்த்தை. மருந்துன்னு ஒரே ஒரு வார்த்தை. சொன்னா உன் வாய் கோணிக்கிருமா?"

"குடிக்காதன்னு சொல்லுங்க, அத்தே. இன்னைக்கே விட்டுர்றேன். மருந்துன்னு மட்டும் சொல்லச் சொல்லாதீக."

குடிக்காதே என்று அத்தையால் சொல்ல முடியவில்லை. சொன்னால், இத்தனை நாள் தன் பக்கத்தில் உட்கார்ந்து மருமகள் குடித்தது போதைச் சரக்குதான் என்று ஆகிவிடும். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் தட்டை என் பக்கம் நீட்டினார்.

"சின்னவளே, இனிமே எனக்கு நீ ஆக்கிப் போடு. அவ கையால வேணாம்."

அக்கா போட எடுத்த கரண்டியைச் சோற்றுப் பானையிலேயே விட்டுவிட்டுக் கொல்லைக்குப் போனாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

என் சமையலைப் பற்றிச் சொன்னால் வெட்கம். புளி நின்றால் உப்பு நிற்காது. அத்தை ஒரு வாய் வைப்பார், தண்ணீர் குடிப்பார், இன்னொரு வாய். பாதித் தட்டு அப்படியே வரும். நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டு வந்தார். அக்கா அந்தத் தட்டையே பார்ப்பாள். பொறுக்க முடியாமல் ஒரு நாள் நான் சொன்னேன். "நீ ஆக்குக்கா. நான் ஆக்குனதாச் சொல்லிப் போட்டுர்றேன்."

"வேணாம்டி. அதுவும் மருந்துங்கிற மாதிரித்தான்."

"ஒரு பொய் சொன்னா என்னக்கா? அவுகளும் சாப்பிடுவாக, நீயும் நிம்மதியா இருப்ப."

அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை மடியில் வைத்தாள். "கல்லு இருந்தப்ப நான் உருண்டேனே, அந்த வலி நெசம். அதைப் போயி சாக்குக்கு வச்சுக்கிட்டா, நாளைக்கு நெசமா வலிக்கிறப்ப எவ நம்புவா? பிடிச்சதைப் பிடிச்சதுன்னு சொல்லலாம்ல. அதுல என்ன இருக்கு?"

ஞாயிற்றுக்கிழமை குடிப்பதை அவள் விடவில்லை. ஆனால் தாழ்வாரத்துக்கு வரமாட்டாள். கிணற்றுக்கு அந்தப் பக்கம் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே இருப்பாள், நுரை முழுக்க அடங்கிவிடும். செம்பருத்திக்குப் போகிற பங்கு கூடிக்கொண்டே வந்தது. இப்படி ஒரு மழைக்காலமும் ஒரு வெயில் காலமும் போயின.

அத்தைக்குக் கண் மங்கத் தொடங்கியது அப்போதுதான். கதவில் தோள் இடிக்கும். வெற்றிலைக்கு வைத்த சுண்ணாம்பு விரல் தவறி மடியில் விழும். மகன்கள் இருவரும் ரயிலில் மதுரைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்கள், அக்காவும் துணைக்குப் போனாள். திரும்பி வந்ததும் பெரிய மச்சான், "ஒண்ணுமில்லம்மா. சொட்டு மருந்து குடுத்திருக்காக. ரெண்டு கண்ணும் பழையபடி ஆகிரும்" என்றார். என் வீட்டுக்காரரும் தலையை ஆட்டினார். பிறகு கொல்லையில் வைத்து அக்காவிடம் மெல்லிய குரலில், "நீ வாயைத் தொறந்துராத" என்றார் பெரிய மச்சான்.

"நானாச் சொல்ல மாட்டேன். கேட்டாகன்னா சொல்லிருவேன்" என்றாள் அக்கா.

"உங்கிட்டத்தான் பேச்சே இல்லையே, எங்க கேக்கப்போறாக!"

சொட்டு மருந்து கண்ணில் பட்டால் நெருப்பாக எரியுமாம். கொஞ்ச நாள் நான்தான் சொட்டு விட்டேன். பிறகு அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். "தன்னால ஆகிரும்னுதான சொன்னானுக. பெறகு எதுக்கு இந்த எரிச்சல்?" மருந்துச் சீசா மாடத்தில் அப்படியே இருந்தது. அக்கா அதைப் பார்ப்பாள், அத்தையைப் பார்ப்பாள், உதட்டைக் கடித்துக்கொள்வாள். அந்த நாட்களில் அவள் இரண்டு தடவை தாழ்வாரம் வரை வந்துவிட்டுத் திரும்பிப்போனதை நான் கண்டேன். மகன்கள் இருவரிடமும் சீசாவைக் காட்டிச் சண்டை போட்டாள். "வருத்தப்படுவாக" என்று சொல்லிவிட்டு அவர்கள் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

ஒரு மதியம் அத்தைக்கு நான் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். அத்தை கையை வைக்கவில்லை. தட்டை நகர்த்தினார்.

"பெரியவளைக் கூப்பிடு."

அக்கா ஈரக் கையோடு வந்து நிலைப்படியில் நின்றாள்.

"மதுரையில டாக்டர் என்ன சொன்னாரு?"

"அவுக சொல்லியிருப்பாகளே, அத்தே."

"அவனுக சொன்னானுக. ரெண்டு பேரும் ஒரே மாதிரி, மனப்பாடம் பண்ணுனாப்புல சொன்னானுக. நான் உன்னையக் கேக்குறேன்."

அக்கா உள்ளே வந்து அத்தைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். முட்டியோடு முட்டி இடிக்கிற மாதிரி. "வலது கண்ணு போனது போனதுதான், அத்தே. இனி வராது. இடது கண்ணுல பார்வை இருக்கு. அந்தச் சொட்டு மருந்தை நாள் தவறாம விட்டா அதைக் காப்பாத்திரலாம். நிறுத்திட்டா அதுவும் போயிரும்னு சொன்னாரு."

அத்தை வலது கண்ணைப் பொத்திப் பார்த்தார். பிறகு இடது கண்ணைப் பொத்தினார், எடுத்தார். அழுவார் என்று நான் நினைத்தேன். அவர் அக்காவின் பக்கமாகக் குனிந்து கேட்டார்.

"அந்தச் சீசாவுல இருக்கிறது மருந்துதானா? இல்ல, கெழவிக்கு மனசு ஆறட்டும்னு ஏதாச்சும் தண்ணியா?"

"மருந்துதான், அத்தே."

"நீ சொன்னா மருந்துதான். எடுத்து விடு."

அக்கா மாடத்திலிருந்து சீசாவை எடுத்து வந்து அத்தையின் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு விட்டாள். எரிச்சலில் அத்தை அவள் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்துக்கொண்டார். எரிச்சல் அடங்கி எழுந்து உட்கார்ந்ததும், நான் போட்டு வைத்திருந்த தட்டைத் தடவி எடுத்து அக்காவிடம் நீட்டினார்.

"இதைக் கோழிக்குப் போட்டுட்டு வேற சோறு கொண்டா. இந்தச் சின்னவ என்னைய உப்புலயே ஊறப்போட்டுருவா போலிருக்கு."

அக்கா மற்றவர்களுக்கு ஆக்கி வைத்திருந்த குழம்பைத்தான் ஊற்றினாள். அத்தை நிமிராமல் சாப்பிட்டார். ஒரு பருக்கை மிச்சமில்லை. எனக்குக் கோபம் வரவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையல்கட்டில் நின்று சிரித்தேன், அழவும் செய்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா கையைக் கழுவி, என்னிடம் முகரக் கொடுத்து, பாட்டிலை மணலிலிருந்து எடுத்துக்கொண்டு வழக்கம்போலக் கிணற்றுக்கு அந்தப் பக்கம் போனாள். அன்று மான். கிளாசில் ஊற்றி நுரை எழும்பி நிற்கும்போது தாழ்வாரத்திலிருந்து அத்தையின் குரல் கேட்டது.

"ஏத்தா, பெரியவளே! அங்க தனியா என்ன சோலி? இங்கிட்டு வந்து உக்காரு."

அக்கா ஒரு கையில் கிளாசும் ஒரு கையில் முக்காலியுமாக வந்து அத்தைக்குப் பக்கத்தில் போட்டாள்.

"இந்தப் பக்கம் இல்லடி. இடது பக்கமா வா. அங்கிட்டு உக்காந்தா எனக்கு நீ தெரிய மாட்ட."

நுரை அமுங்குவதற்குள் அக்கா முக்காலியைத் தூக்கி அத்தைக்கு இடது பக்கம் போட்டு உட்கார்ந்தாள்.